அக்கா போட்ட உப்புக்கண்டம்

அந்தக் காலத்துச் சாப்பாடெல்லாம் சுத்தம், கலப்படமே கிடையாது, அதனால்தான் நாமெல்லாம் இன்னும் திடமாக நடமாடுகிறோம் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வந்துவிடும். போர்ட் பிளேரில், லம்பா லைன் பக்கம் காலையில் என்னோடு நடக்க வருகிற ஓய்வு பெற்றவர்களில் பாதிப் பேர் இதைத்தான் பேசுகிறார்கள்.  வேகமாக நடந்து அவர்களைத் தாண்டிப் போய்விடுவேன். தீவுகளில் வேலைக்காலம் முழுவதும் மருந்து கலக்கிக் கொடுத்தவன் நான். அந்தக் காலத்து வயிறுகள் எப்படி இருந்தன என்பதை நேரில் பார்த்தவன்.

நடு அந்தமானில், ரங்கத் என்ற ஊரை ஒட்டிய ஒரு குடியேற்றத்தில் எனக்கு முதல் வேலை. காட்டை வெட்டி நெல் போட்டிருந்த வங்காளிக் குடும்பங்கள், அதைத் தாண்டி மறுபடி காடு. சாலை அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. எங்கே போவதென்றாலும் டங்கியில்தான் போக வேண்டும். டங்கி என்றால் சின்னப் படகு. மருந்தகத்தில் ஒரு வங்காளி டாக்டர், ஒரு ஆயா, கம்பவுண்டராக நான். தங்கியது அக்கா வீட்டில். அத்தான், அதாவது அக்கா வீட்டுக்காரர், ஒரு மரக் காண்ட்ராக்டரிடம் மேஸ்திரி. காட்டுக்குள் இருந்த கேம்ப்புக்கு ஆள் சேர்ப்பது, அரிசி பருப்பு அனுப்புவது, கணக்கு வழக்கு எல்லாம் அவர் பொறுப்பு. காண்ட்ராக்டர் போர்ட் பிளேரில் உட்கார்ந்திருந்தார்.

அக்காவும் நானும் சிவகங்கைப் பக்கம் பிறந்தவர்கள். அத்தானும் அதே பக்கம்தான். மழையைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. தீவுக்கு வந்த பிறகும் கொஞ்ச காலத்துக்குத் தெரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். தீக்குச்சி நமத்துப் போகும், செருப்பில் பச்சையாகப் பூஞ்சை பூக்கும், உப்பு ஜாடிக்குள் உப்பு கூழாகக் கிடக்கும், கரண்டியால் மொண்டு போடுவோம். இதையெல்லாம் தினமும் பார்த்துக்கொண்டே, வெயில் அடித்தால் அது எங்கள் ஊர் வெயில்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த வருடம் தீபாவளி சமயத்தில் கப்பல் வரவில்லை. புயல் சின்னம் என்றார்கள், எஞ்சின் கோளாறு என்றார்கள். கேம்ப்பில் பருப்பு தீர்ந்துபோனது. கடையில் மிச்சமிருந்தவை சில கறி டின்கள் மட்டும். அவற்றிலும் பாதி இரண்டு பக்கமும் உப்பிக்கொண்டு நின்றன. உப்பின டின்னைத் திறக்கக் கூடாது என்பது தீவில் எல்லோருக்கும் தெரியும். கடைக்காரரே அவற்றை எடுத்துப் போய்க் கடலில் எறிந்துவிட்டு வந்தார். அந்த விஷயத்தில் நாங்கள் எல்லோரும் ரொம்பவும் விவரமானவர்கள்.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கையில் வயலில் இறங்கிய புள்ளிமான்கள் இரண்டை யாரோ அடித்துவிட்டார்கள். அப்போது அதைக் கேட்பாரில்லை. மான்கள் நெல்லை மேய்ந்து தீர்த்துக்கொண்டிருந்தன, அடித்தவனைப் பாராட்டினார்கள். அத்தான் ஒரு மானை அப்படியே வாங்கி வந்து வீட்டு முன்னால் போட்டார்.

"கேம்ப்புல ஆளுங்க வெறுஞ் சோத்த திங்குறானுங்க. நீ உப்புக்கண்டம் போட்டுக் குடு. தீவாளி முடிஞ்சு போறப்ப எடுத்துட்டுப் போறேன்" என்றார்.

அக்காவுக்குச் சந்தோஷம். உப்புக்கண்டம் போடுவதில் அவளுக்கு எங்கள் பக்கத்தில் பேர் உண்டு. கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டில் அவள் வாயே திறக்காமல் தன் இடத்தைப் பிடித்தது அதை வைத்துத்தான் என்று அவளே சொல்லுவாள். குழந்தை இல்லை என்ற பேச்சு வரும்போதெல்லாம், "கைப்பக்குவம் இருக்கில்ல, கருவும் தானா தங்கும்" என்று மாமியார் சமாதானம் சொன்னதையும் சொல்லுவாள். சிரித்துக்கொண்டே சொல்லுவாள். எனக்குச் சிரிப்பு வராது.

கறியை விரல் தடிமனில் நீளநீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாயும் பூண்டும் அரைத்துப் பிசறி, கோணி ஊசியால் நூலில் கோத்து வாசலில் கொடி கட்டித் தொங்கவிட்டாள். ஊரில் எப்படிச் செய்வாளோ அப்படியே, அதே கை அளவு. உப்புக் கூழிலிருந்து அள்ளின கை நிறைய வந்தது. அதில் தண்ணீர் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. மழை ஓய்ந்து நாலைந்து நாள் நல்ல வெயில். காக்கை விரட்ட ஒரு கம்புடன் அக்கா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்து வீட்டில் ராஞ்சியிலிருந்து வந்த குடும்பம். அந்தப் பெண் வேலியோரம் நின்று, "தீதி, இதர் தூப் மே நஹி சூக்தா. சூல்ஹா கே ஊப்பர் லட்காவோ" என்றாள். இங்கே வெயிலில் காயாது, அடுப்புக்கு மேலே கட்டு என்கிறாள். அவர்கள் மீனையும் கறியையும் அடுப்புப் புகையில்தான் காய வைப்பார்கள்.

"பொகையில காஞ்சது கறியா? தீப்புடிச்ச வீட்டு நாத்தமில்ல வரும்" என்று அக்கா என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு, அவளிடம் "அச்சா, அச்சா" என்று தலையாட்டினாள்.

காய்ந்ததா என்று பார்க்க எங்கள் பக்கம் ஒரு வழி உண்டு. இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பார்கள். விறகுச் சுள்ளி மாதிரி சத்தம் வந்தால் காய்ந்துவிட்டது. அக்கா தட்டினாள், சத்தம் வந்தது. நானும் வாங்கித் தட்டிப் பார்த்தேன். எங்கள் ஊரில் அந்தச் சத்தம் பொய் சொல்லாது. அங்கே காற்றில் ஈரமில்லை, வெளியே காயும்போதே உள்ளேயும் காய்ந்துவிடும். தீவில் உச்சி வெயில் தோலை மட்டும் கெட்டியாக்கி மூடிவிட்டது. உள்ளே இருந்த ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தங்கியது. இது பிறகு தெரிந்த விஷயம். அன்று எங்களுக்குத் தெரிந்தது சத்தம் மட்டும்தான்.

தீபாவளி கழிந்த மறுநாள் கந்த சஷ்டி விரதம் ஆரம்பம். அக்கா வருடா வருடம் குழந்தைக்காக இருக்கிற விரதம். ஆறு நாளும் ஒரு வேளைதான் சாப்பாடு, அதுவும் பாலும் பழமும். வீட்டில் கறி மீன் எதுவும் அடுப்பேறாது, அத்தானும் நானும்கூட அந்த ஆறு நாள் கறி தொட மாட்டோம், அந்தப் பாத்திரங்கள்கூடக் கொல்லையில் கவிழ்ந்து கிடக்கும். அந்த வருடம் வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது என்பதாலோ என்னவோ ரொம்பக் கடுமையாக இருந்தாள். அத்தான் உப்புக்கண்டச் சரங்களைச் சாக்கில் போட்டு எடுத்துக்கொண்டு கேம்ப்புக்குப் போனார். வீட்டுக்கென்று ஒரு சரத்தைப் பிஸ்கட் டின்னில் போட்டு மூடி, பரணில் வைத்திருந்தாள். விரதம் முடிந்ததும் தம்பிக்குப் பொரித்துத் தர வேண்டும் என்று. தம்பி என்றால் நான்.

மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, காலையில் கேம்ப்பிலிருந்து ஒருவன் டங்கியில் வந்து மருந்தகத்துப் படியில் உட்கார்ந்தான். பாதிக் கேம்ப் வாந்தியும் பேதியுமாகக் கிடக்கிறது என்றான். டாக்டர் காலரா என்று பயந்துவிட்டார். இருந்த குளுக்கோஸ் பாட்டில்களையும் சல்ஃபா மாத்திரைகளையும் அள்ளிப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் கிளம்பினோம்.

காலரா இல்லை. போய்ச் சேர்ந்தபோது முக்கால்வாசிப் பேர் வாந்தி நின்று துவண்டு கிடந்தார்கள். முந்தின நாள் சாப்பிட்ட சில மணி நேரத்தில் எல்லோருக்கும் ஒன்றாக ஆரம்பித்திருக்கிறது. ஒரு வயதானவருக்குத்தான் நாடி பிடிக்கவே கிடைக்கவில்லை. பாட்டிலை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டு ஏற்றினோம். சாயங்காலம் அவர் கண்ணைத் திறந்து பீடி கேட்டார். யாரும் சாகவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை இழுத்தடிக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

டாக்டர் நேரே அடுப்படிக்குப் போனார். பண்டாரி அங்கே நின்றிருந்தான். கேம்ப்புகளில் சமையற்காரனைப் பண்டாரி என்பார்கள். இவன் தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்த கிறிஸ்தவன், முன்னால் மீன்பிடி வள்ளத்தில் சமைத்தவன். இடது கைக் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. டாக்டர் அவிழ்க்கச் சொன்னார். நகச்சுற்று வந்து விரல் பழுத்து, சீழ் கோத்திருந்தது.

டாக்டர் என்னைப் பார்த்தார். நானும் அதைத்தான் நினைத்தேன். பழுத்த கையால் சமைத்தால் அதிலிருக்கிற கிருமி சாப்பாட்டில் இறங்கும், விஷத்தைக் கக்கும், அப்புறம் கொதிக்க வைத்தாலும் கிருமி சாகுமே தவிர விஷம் போகாது. புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. புத்தகம் தப்பில்லை. இவன் அடுப்படியில் நிற்கக் கூடாது என்று டாக்டர் இந்தியில் சொன்னார். விரல் ஆறும்வரை என்றுதான் அவர் சொன்னது.

அத்தான் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

"மாப்ள, ஒரு கேம்ப்பே படுத்துருச்சு. போர்ட் பிளேர்ல இருந்து முதலாளி கேட்டா நான் என்ன சொல்றது? இன்ன ஆள் பண்ணுன தப்பு, அனுப்பிட்டேன்னு சொன்னாத்தான் வாய மூடுவாரு. அடுத்த லாஞ்சுல இவன ஏத்தி விட்டுர்றேன். கப்பல் வந்ததும் மெயின்லேண்டுக்குப் போகட்டும்."

 குடியேற்றத்தில் காண்ட்ராக்டர் கொடுத்திருந்த குடிசையில் பண்டாரியின் மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருந்தார்கள். வேலை போனால் குடிசையும் போகும். விரலைக் கீறிச் சீழ் எடுத்துக் கட்டுப் போடுவதற்காக அவனை எங்களுடனேயே டங்கியில் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். வழியில்தான் பேசினான்.

"வெரலு பழுத்தது நெசந்தான் சார். நா பொய் சொல்லுதது கெடையாது. ஆனா துணியச் சுத்தி, மேல வாழ எலையயும் வச்சுக் கெட்டி, ஒத்தக் கையிலதான் பொரிச்செடுத்தேன். மெயின்லேண்டுக்குப் போயி என்னத்தச் செய்ய? அங்க எங்களுக்கு ஒரு ஓலக் குடிச கூட கெடையாது. பிள்ளைய ரெண்டும் இங்கனதான் பொறந்துச்சு. கையில சீழ வச்சுக்கிட்டு சோறு போட்டவன்னு பேரு வந்துட்டுன்னா, எந்தக் கேம்ப்புல என்னய அடுப்படிக்குள்ள உடுவாவ?"

 எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. கேம்ப்பில் மாத்திரை கொடுத்துக்கொண்டே ஒவ்வொருவரிடமும் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டிருந்தேன். அது பழக்கத்தில் கேட்கிற கேள்விதான். திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் சஷ்டி விரதம். பண்டாரி வடித்த சோறும் அவன் வைத்த ரசமும்தான் சாப்பிட்டிருக்கிறார்கள், கறி தொடவில்லை. அவர்களுக்கு ஒன்றும் இல்லை. யானைப் பாகன் ஒருவன், அவன் எப்போதும் யானை பக்கத்தில் தனியாகச் சாப்பிடுகிறவன், ஒரு சரம் உப்புக்கண்டத்தைக் கேட்டு வாங்கிப் போய்த் தானே தணலில் சுட்டுத் தின்றிருக்கிறான். பண்டாரி கை அதில் படவே இல்லை. அவனுக்கு வாந்தி நிற்க இரண்டு பாட்டில் ஏற்ற வேண்டியிருந்தது.

டங்கி கரைக்கு வருவதற்குள் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருக்கலாம் என்றும் தோன்றியது.

அன்று சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன். விளக்கேற்றி வைத்துவிட்டுப் படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எண்ணெயில பொரிச்சு எடுத்த கறியில எந்தக் கிருமிடா உசுரோட இருக்கும்?"

"கிருமி செத்துரும்க்கா. அது விட்ட வெசம் சாகாது."

"நம்ம அம்மா போட்டா, நான் போட்டேன். யாருக்கு என்ன ஆச்சு? இந்தா, நம்ம வீட்டுலயும் அதே கறிதான் இருக்கு. நமக்கு என்ன வந்துச்சு?"

"நாம எங்கக்கா தின்னோம்? நீ சஷ்டின்னு அடுப்புல ஏத்தவே இல்லையே."

அவள் கையில் இருந்த பூ அப்படியே நின்றது.  அவள் விரதம்தான் எங்கள் வீட்டைக் காப்பாற்றியிருந்தது. விரதம் இல்லையென்றால் தீபாவளிக்கு மறுநாளே நான் அதைப் பொரிக்கச் சொல்லித் தின்றிருப்பேன்.

பண்டாரியை மெயின்லேண்டுக்கு அனுப்புகிறார்கள் என்பதையும் சொன்னேன். அவன் மனைவியை அக்காவுக்குத் தெரியும், குழாயடியில் பேசிக்கொள்வார்கள். "சும்மா இரு, அத்தான் வரட்டும்" என்றாள். அத்தான் மறுநாள் வந்தார். உள்ளே இரண்டு பேரும் பேசியது எனக்கு அரைகுறையாகத்தான் கேட்டது. அத்தான் குரல் மட்டும் ஒரு தடவை உயர்ந்தது.

"பொண்டாட்டி போட்ட கறியத் தின்னு கேம்ப்பு படுத்துச்சுன்னு நான் போய்ச் சொல்லணுமா? அப்புறம் முதலாளி என்னைய மேஸ்திரியா வச்சுருப்பாரா? அவன் கைதான் பழுத்துருக்குல்ல, அது பொய்யா?"

அத்தான் கெட்டவர் இல்லை. ஆனால் அன்று எனக்கு அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஒரே வீட்டில் உட்கார்ந்து அவர் சாப்பிடுகிற சத்தத்தைக் கேட்கவே எரிச்சலாக இருந்தது. நானே டாக்டரிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னேன். டாக்டர் காது கொடுத்துக் கேட்டார், தலையை ஆட்டினார். பிறகு, "அனுமானம்தானே? விரலை நான் கண்ணால் பார்த்தேனே" என்றார். கேம்ப்பில் உப்புக்கண்டம் ஒரு துண்டுகூட மிச்சமில்லை. மிச்சமிருந்த ஒரே சரம் எங்கள் வீட்டுப் பரணில், பிஸ்கட் டின்னுக்குள் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று நான் அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் அக்கா டின்னைத் தொட விடவில்லை. "சஷ்டி முடியட்டும். வீட்டுக்குள்ள அதத் தெறக்காத" என்று மட்டும் சொன்னாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகு அவளை மீறி எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் லாஞ்ச், அதாவது போர்ட் பிளேர் போகிற மோட்டார் படகு, சஷ்டி முடிகிறவரை காத்திருக்காது. ஆறாம் நாள், சூரசம்ஹாரத்தன்று காலையில் அது கிளம்புகிறது என்று தெரிந்துவிட்டது.

அன்று காலையில் பண்டாரி கட்டு மாற்றிக்கொள்ள மருந்தகத்துக்கு வந்தான். அவன் மனைவி ஒரு தகரப் பெட்டியையும் இரண்டு குழந்தைகளையும் வைத்துக்கொண்டு வெளியே வேப்பமரத்தடியில் நின்றாள். சின்னது அவள் முந்தானையை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. அவர்களைப் படகுத்துறைக்குக் கூட்டிப் போக அத்தானும் வந்திருந்தார். நான் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். விரல் நன்றாக ஆறிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் அக்கா வந்தாள். தலை குளித்த ஈரம் முதுகில் சொட்டிக்கொண்டிருந்தது. நெற்றி நிறையத் திருநீறு. ஒரு கையில் பிஸ்கட் டின், இன்னொரு கையில் அரிவாள்மனை. ஆறு நாள் பட்டினியில் முகம் சுருங்கியிருந்தது. தெருவில் அவளை அப்படிப் பார்த்தவர்கள் சிலர் பின்னாலேயே வந்திருந்தார்கள்.

"ஏய், நீ எங்க வந்த?" என்றார் அத்தான்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. வராந்தாவில் அரிவாள்மனையைப் போட்டுக் கால் வைத்து உட்கார்ந்தாள். டாக்டரைப் பார்த்து, தனக்குத் தெரிந்த இந்தியில், "டாக்டர் சாப், தேக்கோ. யே மேரா காம் ஹை. இஸ்கா நஹி" என்றாள். பாருங்கள், இது என் வேலை, இவனுடையது இல்லை என்றாள். டின்னைத் திறந்து ஒரு துண்டை எடுத்தாள்.

"அக்கா, நீ தொடாத. நான் வெட்டுறேன்" என்று நான் எழுந்தேன். விரதத்தின் ஆறாம் நாள், இன்னும் சில மணி நேரம் போனால் முடிந்துவிடும். கறியைக் கையால் தொட்டால் ஆறு நாள் பட்டினியும் போச்சு. அது யாருக்காக இருந்த பட்டினி என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

"நீ வெட்டுனா நீ என்னமோ பண்ணிட்டன்னு சொல்லுவாங்க. போட்டவ நாந்தானே" என்றாள்.

வெட்டினாள். வெளியே கருத்து மரப்பட்டை மாதிரி இருந்த துண்டு சத்தமாகத்தான் அறுபட்டது. உள்ளே சிவப்பாக, ஈரமாக, நூல் நூலாக வழுவழுப்பு. நாற்றம் வராந்தா முழுவதும் வந்தது. டாக்டர் குனிந்து பார்த்தவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினார். அக்கா நிறுத்தவில்லை. இன்னொரு துண்டை எடுத்து வெட்டினாள், இன்னொன்றையும் வெட்டினாள். எல்லாம் அப்படியே. வெட்டிய துண்டுகளை டாக்டர் பக்கமாகத் திருப்பி வரிசையாக வைத்தாள்.

"தட்டுனா சத்தம் வந்துச்சு சாப்" என்று கடைசியில் தமிழில் சொன்னாள். அது டாக்டருக்குப் புரிந்திருக்காது. எனக்கு அவளைப் பார்க்கப் பெருமையாக இருந்தது, கூடவே அழுகையும் வந்தது. இரண்டையும் மறைக்க டிஞ்சர் பாட்டிலைத் தேடுவது மாதிரி உள்ளே போய்விட்டேன்.

டாக்டர் நல்ல மனிதர். கண்ணால் பார்த்துவிட்டால் மாற்றிப் பேச மாட்டார். அத்தானிடம், இந்த ஆள் விரல் ஆறும்வரை விறகு பிளக்கட்டும், ஆறியதும் அடுப்படிக்குப் போகட்டும் என்று சொல்லிவிட்டார். விரல் விஷயத்தில் அவர் சொன்னது கடைசிவரை சரி. அந்தக் கிருமி பழுத்த விரலில் மட்டுமில்லை, மனிதர்கள் மூக்கிலும் தோலிலும் சும்மாவே இருக்கிறது. அக்கா கையிலும் இருந்திருக்கும், என் கையிலும் இருந்திருக்கும். உப்புக்கு மற்றவை சாகும், இது சாகாது. ஈரமும் சூடும் கிடைத்தால் பெருகும். நாங்கள் அதற்கு இரண்டையும் கொடுத்திருந்தோம்.

லாஞ்ச் பண்டாரி இல்லாமல் போனது. அத்தான் அக்காவோடு ரொம்ப நாள் பேசவில்லை. முதலாளி கடிந்துகொண்டார் போல, ஆனால் பயந்த மாதிரி வேலையெல்லாம் போகவில்லை. இப்படித்தான், பயந்ததில் பாதி நடப்பதே இல்லை. அக்கா அன்று வீட்டுக்கு வந்து மறுபடி தலைக்கு ஊற்றிக்கொண்டாள். சாயங்காலம் பூசை செய்யவில்லை. விரதம் முடிக்கிற பாயசத்தை மட்டும் எனக்கு வைத்துக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். "போகட்டும்டா" என்று ஒரு தடவை சொன்னாள். 

அதன் பிறகு அவள் உப்புக்கண்டம் போடவே இல்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் போட்டாள். ராஞ்சிக்காரி சொன்ன மாதிரி அடுப்புக்கு மேலே மூங்கில் கட்டி, மெல்லிசாக அரிந்து, உப்பை வாணலியில் வறுத்துப் போட்டாள். புகை நாற்றம் வரத்தான் செய்தது. தட்டிப் பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டாள். கேம்ப்புக்குக் கொடுத்தனுப்பும்போது ஒவ்வொரு துண்டையும் நடுவில் அறுத்து, உள்ளே தெரிகிற மாதிரிதான் அனுப்புவாள். ஒரு தடவை அதிரசத்தைக்கூட இரண்டாகப் பிட்டு அனுப்பியதாக அத்தான் கேலி செய்தார். பேச்சு அப்படித்தான் திரும்ப ஆரம்பித்தது.

அக்காவுக்குக் கடைசிவரை குழந்தை பிறக்கவில்லை. அதையும் அந்தக் காலையையும் முடிச்சுப் போட்டுப் பேசியவர்கள் இருந்தார்கள். நான் மருந்து படித்தவன், எனக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கையில்லை. அக்காவுக்கு இருந்ததா என்று நான் கேட்டதில்லை. அடுத்த வருடமும் அவள் விரதம் இருந்தாள்.

அந்த வருடம் சஷ்டி நடுவில் அத்தான் கேம்ப்பிலிருந்து எரிச்சலோடு வந்தார். கப்பல் ஒழுங்காக வந்திருந்தது, ஆடு வந்திருந்தது, ஆட்கள் கறி கேட்கிறார்கள், பண்டாரி அடுப்பில் கறியை ஏற்ற மாட்டேன் என்று நிற்கிறான் என்றார். தீபாவளிக்கு மறுநாளிலிருந்தே அப்படித்தானாம்.

"'நீ வேதக்கோயிலுக்குப் போறவன், ஒனக்கு என்னடா சஷ்டி'ன்னு கேட்டுட்டேன். 'யக்காவுக்கு வெரதம். ஆறு நாளும் இந்த அடுப்புல கறி வேவாது. என்னய லாஞ்சுல ஏத்துததுன்னா ஏத்துங்க'ங்குறான்."

அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "அவனுக்கென்ன பைத்தியமா" என்றாள். களைந்த அரிசியையே மறுபடி தண்ணீர் ஊற்றிக் களைய ஆரம்பித்தாள்.